18 கேரட் ரோஸ் தங்கம்: காய்ச்சி ஆறவிட்டால் கம்பி ஒடிகிறது

கேள்வி (தர்மபுரி, நகைப் பட்டறை):
75 பங்கு தங்கம், 25 பங்கு செம்பு; வெள்ளி சேர்க்கவில்லை. ஊற்றிய பாளம் ரோலிங்கில் பாதிக் கனம் வரை நன்றாக இறங்குகிறது. அதன்பின் சிவக்கக் காய்ச்சி, கரிக்கட்டை மேலேயே ஆறவிடுகிறோம். அடுத்த ஓட்டத்தில் ஓரம் வெடிக்கிறது, இழுத்தால் கம்பி ஒடிகிறது. 22 கேரட்டுக்கு இதே முறைதான், தொந்தரவே இல்லை. செம்பில் கோளாறா?

பதில் (கிருஷ்ணகிரி):
பழைய நகையை உருக்கிச் சேர்த்தீங்களா? துளி ஈயம் போதும், தங்கம் நொறுங்கிவிடும்.

பதில் (ஓசூர், ஹீட் ட்ரீட்மெண்ட்):
ஈயமாகவும் இருக்கலாம். ஆனால் ஆறவிடும் முறை மேல்தான் எனக்குச் சந்தேகம். எடையில் 75-25 என்றாலும் எண்ணிக்கையில் நூறு அணுவுக்கு 49 தங்கம், 51 செம்பு. ஏறக்குறைய சரிபாதி. 410 டிகிரி செல்சியசுக்கு மேலே இரண்டும் தாறுமாறாகக் கலந்து கிடக்கும். அப்போது உலோகம் வளையும். அதற்குக் கீழே மெல்ல ஆறினால் ஓர் அடுக்கு தங்கம், ஓர் அடுக்கு செம்பு என்று அணுக்கள் வரிசை கட்டிவிடும். கனசதுர அமைப்பு ஒரு பக்கம் மட்டும் குறுகும். பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் வெவ்வேறு திசையில் குறுகுவதால் உள்ளுக்குள்ளேயே இழுபறி. கடினம் ஏறும், வளையும் தன்மை போகும். 22 கேரட்டில் செம்பு குறைவு, இந்தச் சரிபாதிக் கணக்கு அமையாது.

முதலில் சோதனை: ஒடிந்த துண்டை 650 டிகிரிக்கு, நிழலில் மங்கிய சிவப்பாகத் தெரியும் வரை காய்ச்சி, சிவப்பு மாறுவதற்குள் தண்ணீரில் போடுங்க. குளிர்ந்ததும் வளைத்துப் பாருங்க. வளைந்தால் ஆறவிட்டதுதான் காரணம். அப்போதும் வெடித்தால் ஈயம், அல்லது உருக்கும்போது புகுந்த காற்று.

இனி ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் உடனே தண்ணீர். இடுக்கியில் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாது. மெல்லிய கம்பி காற்றிலேயே சட்டென்று சூடு இறங்கிவிடும். ஊற்றிய பாளத்தையும் உறைந்ததும் சிவப்பாக இருக்கும்போதே தண்ணீரில் போடணும். அமிலத்தில் நேரடியாகப் போடாதீங்க, தெறிக்கும். கறுப்பு எடுப்பது அதன்பிறகு.

கேள்வி கேட்டவர்:
வளைந்தது, வெடிப்பே இல்லை. நன்றிங்க. கொக்கிக்கு மட்டும் விறைப்பு வேணும், என்ன செய்வது?

பதில் (ஓசூர்):
அதே அணு வரிசையை வேண்டுமென்றே உண்டாக்குங்க. தண்ணீரில் போட்டு, வடிவம் முடித்த பிறகு, சூளையில் 300 டிகிரியில் அரை மணி. அதன்பின் வளைக்கக்கூடாது. கல் பதிப்பதாக இருந்தால் இதை முடித்துவிட்டு கடைசியில் பதியுங்க. அடுத்த உருக்கில் செம்பு 20.5, வெள்ளி 4.5 போட்டுப் பாருங்க. நிறம் பெரிதாகக் குறையாது, கொஞ்சம் இணக்கமாக இருக்கும். ஆனாலும் காய்ச்சியதும் தண்ணீரில் போடுவதை நிறுத்தவேண்டாம்.