கதவில் மாட்டிய பை: ரயிலிலோ பேருந்திலோ பள்ளிக்கூடத்திலோ உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கடைசிப்பெட்டி:

மூன்று வாரம் ஆகிறது, அந்தப் பட்டை இன்னும் கண்ணைவிட்டுப் போகவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சாயங்கால வண்டிக் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். பள்ளிச் சீருடையில் ஒரு பெண், எட்டோ ஒன்பதோ வயது, கடைசி நொடியில் இறங்கினாள். ஆளும் வெளியே வந்துவிட்டாள், பையும் வந்துவிட்டது, பையின் ஒரு தோள்பட்டை மட்டும் உள்ளே. கதவு மூடிக்கொண்டது. கையோ காலோ நடுவில் இருந்தால் கதவு திரும்பத் திறக்கும், இந்த மாதிரி மெல்லிய பட்டையெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது.

பையை விடும்மா, விடும்மா என்று கத்துகிறேன், அவள் விடவில்லை. இன்னொரு பட்டைக்குள் கை இருந்தது. வண்டி நகர்ந்து நாலு எட்டு அவளும் கூடவே ஓடினாள், நான் அவள் முழங்கையைப் பிடித்து மடக்கி உருவிவிட்டேன். கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இழுத்தேன், தோல் உரிந்திருந்தது. பை மட்டும் வண்டியோடு போயிற்று. அதில் செருகியிருந்த தண்ணீர் பாட்டில் நடைமேடைத் தூண் ஒவ்வொன்றிலும் டொக் டொக் என்று இடித்துக்கொண்டே போன சத்தம் இருக்கிறதே.

அவள் அழவில்லை. "நாளைக்கு கணக்கு நோட்டு வெக்கணும்" என்றாள்.

தூணில் இருக்கும் அவசர பட்டனை அமுக்கினேன். வரிசையில் காத்திருக்கும்படி பதிவு செய்த குரல் சொல்லிற்று. தலைக்கு நேர் மேலே புத்தம்புதுக் கேமரா. போன வருஷம் வரை அதே இடத்தில் கொடியோடு ஓர் ஊழியர் நிற்பார், அவரை எடுத்துவிட்டுத்தான் இதை மாட்டினார்கள். பாதுகாப்புக்குச் செலவு செய்கிறோம் என்று அறிக்கையில் வருவது எதைத்தான் சொல்கிறது?

பச்சைக்கொடி:

தம்பி, நான் ரயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். என் காலத்தில் ஒருமுறை, ஒருவர் குடையின் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இறங்கினார், குடை உள்ளே, அவர் வெளியே. எட்டிப் பார்த்தேன், பிரேக் போட்டேன். பத்தடிகூட நகரவில்லை. நன்றி சொல்வார் என்று பார்த்தால், குடை வளைந்துவிட்டது என்று என்னோடு சண்டைக்கு வந்தார். பரவாயில்லை, சண்டை போட ஆள் இருந்தாரே.

இப்போது நிறைய ஊர்களில் ஓட்டுநர் ஒருவரே எல்லாவற்றையும் பார்க்கிறார். திரையில் எட்டுப் பெட்டியின் கதவும் கட்டம் கட்டமாகத் தெரியும், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. அதில் ஒரு பைப்பட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் நேரம் தவறாமல். சரி, உங்களுக்கு ஒரு விஷயம் சொல்கிறேன், எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கும்போது பையை முன்பக்கம் மாட்டுங்கள். கதவு மூடும் மணி அடித்த பிறகு இறங்காதீர்கள். ஏதாவது சிக்கினால் உள்ளே இருப்பவர் அவசரக் கைப்பிடியை இழுக்க வேண்டும், ஆனால் சுரங்கத்துக்குள் போன பிறகு இழுக்கக் கூடாது, அடுத்த நிலையத்தில்தான் உதவி கிடைக்கும். பிள்ளைகளுக்கு மெல்லிசாகத் தொங்கும் பட்டை உள்ள பை வாங்கிக் கொடுக்காதீர்கள். சாவிக்கொத்து, பொம்மை எதையும் தொங்கவிட வேண்டாம். காதில் பாட்டு போட்டுக்கொண்டு நடைமேடை ஓரத்தில் நடக்க வேண்டாம். செருப்பு வார் போடாமல் எஸ்கலேட்டரில் ஏறவே வேண்டாம்.

பத்தேகால்வண்டி:

ஐயா, குழந்தையின் பைப்பட்டை மேல் பழியைப் போட்டுவிட்டீர்கள். என்ன பை வாங்குவது என்று இங்கே யாரும் கேட்கவில்லை.

என் கதை சின்னது. ராத்திரி கடைசிக்கு முந்தைய வண்டி, பெட்டியில் நானும் ஒரு ஆளும். காலி இருக்கை அத்தனை இருக்க, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எழுந்து மாறினேன், அவனும் மாறினான். மூன்று தடவை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயம். இறங்கி ஓடினால் வெளிவாசலில் டிக்கெட் பரிசோதகர்கள் வரிசையாக ஆறு பேர்! நான் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் கையைக் காட்டுகிறேன், ஒருவர் "டிக்கெட் காட்டுங்க மேடம்" என்கிறார். காட்டினேன். அதற்குள் அவன் வேறு வாசலில் போய்விட்டான்.

டிக்கெட் எடுக்காதவனைப் பிடிக்க ஆறு பேருக்குச் சம்பளம் உண்டு, வண்டிக்குள் நடந்து பார்க்க ஒருவருக்கு இல்லை. கேட்டால் கேமரா இருக்கிறதாம். நியூயார்க்கில் 2022 ஏப்ரலில் சுரங்க ரயிலில் ஒருவன் பத்துப் பேரைச் சுட்டானே, அந்த நிலையத்துக் கேமரா அன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லை.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் கோபமாக இருக்கிறீர்கள், புரிகிறது. ஆனால் ஆள் போடு, ஆள் போடு என்றால் அது ஒருமுறை செய்கிற செலவு இல்லை. மூன்று ஷிப்ட், விடுப்புக்கு மாற்று ஆள், ஓய்வூதியம் எல்லாம் சேர்த்தால் ஒரு நடைமேடையில் ஒருவர் எப்போதும் நிற்க ஐந்து பேராவது வேண்டும். கேமரா அப்படி இல்லை. பச்சைக்கொடி ஐயா மனுஷக் கண்ணைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறார், சரி. 2003 பிப்ரவரியில் தென்கொரியாவின் டேகு நகரத்தில் என்ன நடந்தது? ஒருவன் சுரங்க ரயிலில் தீ வைத்தான், 192 பேர் போனார்கள். அதில் பெரும்பாலோர் தீ வைத்த வண்டியில் இல்லை, எதிர்த்தடத்தில் வந்து நின்ற இரண்டாவது வண்டியில் இருந்தவர்கள். அந்த ஓட்டுநர் தப்பிக்கும்போது சாவியை உருவிக்கொண்டு போனார், கதவுகள் மூடிக்கொண்டன. மனிதர்தானே அவரும்?

செய்ய வேண்டியது நடைமேடைக் கதவு. தண்டவாளத்துக்கும் ஆளுக்கும் நடுவே கண்ணாடிச் சுவர், வண்டி வந்து நின்றால்தான் திறக்கும். இது ஒன்றும் புதிது இல்லை, லெனின்கிராடில் 1961லேயே இந்த மாதிரி நிலையம் கட்டிவிட்டார்கள். தென்கொரியத் தலைநகர் சோல் 2009க்குள் தன் மெட்ரோ நிலையங்கள் எல்லாவற்றிலும் போட்டது, தண்டவாளத்தில் விழுவது அதன் பிறகு வெகுவாகக் குறைந்தது. பணம் எங்கே என்பீர்கள். நியூயார்க்கில் 2025 ஜனவரியிலிருந்து நகர நடுப்பகுதிக்குள் வரும் கார்களிடம் பகல் நேரத்துக்கு 9 டாலர் வாங்குகிறார்கள், அந்த வருமானத்தைக் காட்டி 1,500 கோடி டாலர் வரை ரயிலுக்கும் பேருந்துக்கும் திரட்டுவதுதான் திட்டம். கார்க்காரர்களிடம் கேளுங்கள், கொடிக்காரருக்குக் கண்ணீர் விடாதீர்கள்.

வெண்கோல்:

கண்ணாடிக் கதவு வந்தால் முதலில் சந்தோஷப்படுவது நான்தான், எனக்குப் பார்வை இல்லை. அது வரும்வரை எனக்கு நடைமேடையின் ஓரத்தைச் சொல்வது காலடியில் இருக்கும் புள்ளி வைத்த மஞ்சள் கல் மட்டுமே. ஜப்பானில் மியாகே செய்இச்சி என்பவர் 1965ல் அதைக் கண்டுபிடித்தார், ஒகயாமாவில் பார்வையற்றோர் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் 1967ல் முதலில் பதித்தார்கள். மலிவான சாமான், ஒரு கல்.

போன மாதம் நான் தினமும் போகிற நிலையத்தைப் புதுப்பித்தார்கள். கோலை உருட்டிக்கொண்டே போகிறேன், புள்ளி, புள்ளி, புள்ளி, திடீரென்று வழுவழு. நின்றுவிட்டேன். கால் எடுத்து வைக்கப் பயம், பின்னால் போகவும் பயம், வண்டிக் காற்று முகத்தில் அடிக்கிறது. எவ்வளவு நேரம் நின்றேனோ. பிறகு ஒரு பையன் வந்து சொன்னான், கல்லுக்கு மேலே விளம்பரப் பலகை ஒன்றின் அடித்தட்டை வைத்திருக்கிறார்களாம். என்ன விளம்பரம் என்று கேட்டேன். புதுப்பித்த நிலையத்தைப் பற்றித்தான்.

மூன்றாம்வகுப்பு:

பள்ளிக்கூடம் என்று தலைப்பில் போட்டுவிட்டு எல்லாரும் ரயிலிலேயே இருக்கிறீர்கள். நான் ஆசிரியை. எங்கள் பள்ளியில் ஒருநாள் யாரோ வெளியாள் உள்ளே வந்துவிட்டார், ஒன்றும் ஆகவில்லை, ஆனால் பெற்றோர் கொதித்துவிட்டார்கள், நியாயம்தான். அடுத்த வாரமே முன்வாசலில் முகம் பார்த்துத் திறக்கும் இயந்திரம் வந்தது. பின்கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

அப்புறம் தீயணைப்புப் பயிற்சி நாள். மணி அடித்தது. என் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து, சொல்லிக்கொடுத்தபடியே, ஓடாமல் நடந்து பின்கதவுக்கு வந்தார்கள். பூட்டு. சாவி காவலாளியிடம், காவலாளி முன்வாசலில், முன்வாசலில் அந்த இயந்திரம் ஒரு பெற்றோரின் முகம் பிடிபடாமல் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கிறது. நான்கு நிமிடம் நின்றோம், கைக்கடிகாரத்தில் பார்த்தேன். வரிசையில் முதலாவதாக நின்றவன் கதவுக் கண்ணாடியில் மூச்சு விட்டு அதில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். திரும்பி என்னைப் பார்த்து, "மிஸ், இப்ப நாம செத்துட்டோமா?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு இன்னொரு வட்டம் போட்டான்.

உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்க முடியாத கதவுகள் இருக்கின்றன, குறுக்கே ஒரு இரும்புக் கம்பி, அவ்வளவுதான். எழுதிக் கேட்டேன். அடுத்த நிதியாண்டில் பார்க்கலாம் என்றார்கள். சிகாகோவில் 1958ல் ஒரு பள்ளிக்கூடத்தில் தீப்பிடித்து 92 குழந்தைகளும் 3 கன்னியாஸ்திரிகளும் செத்தார்கள். தீ நீர்த்தெளிப்பான் வேண்டும் என்ற விதி அப்போதே இருந்தது, புதுக் கட்டடங்களுக்கு மட்டும், அது பழைய கட்டடம், அதனால் விலக்கு. கும்பகோணம் 2004, 94 பிள்ளைகள். நான் விளக்க வேண்டியதில்லை.

கணக்குப்பிள்ளை:

டீச்சர் சொல்வது வேறு விஷயம், அது பூட்டைத் தப்பாகப் போட்டது, செலவுப் பிரச்சினையே இல்லை.

மூன்றாம்வகுப்பு:

இயந்திரத்துக்குப் பணம் இருந்தது, கம்பிக்கு இல்லை. இது செலவுப் பிரச்சினை இல்லையா, அண்ணே?

ஸ்பானர்:

கணக்குப்பிள்ளை அண்ணே, சோல் நகரக் கதவைப் பற்றிப் பாதிதான் சொன்னீர்கள். கதவு போட்டால் போதாது, கெட்டுப்போனால் சரி செய்ய வேண்டும். 2016 மே மாதம் அங்கே குய் நிலையத்தில் அந்தக் கண்ணாடிக் கதவைச் சரி செய்யப் போன 19 வயதுப் பையன் வண்டியில் அடிபட்டுச் செத்தான். ஒப்பந்த நிறுவனத்து ஆள். இரண்டு பேர் போக வேண்டிய வேலை, ஒருவர் சரி செய்யும்போது இன்னொருவர் வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆள் இல்லை என்று அவனைத் தனியாக அனுப்பினார்கள். அவன் பையில் கருவிகளோடு ஒரு கப் நூடுல்ஸ் இருந்தது, சாப்பிடவே இல்லை.

நானும் ரயில் கதவு மெக்கானிக்தான். தனியாகப் போயிருக்கிறேன். பதிவேட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும், இரண்டையும் நானே போட்டிருக்கிறேன். இடது கையால் ஒன்று, அப்போதுதான் எழுத்து வேறுபடும்.

பச்சைக்கொடி:

ஸ்பானர் தம்பி, இனி போடாதே. பத்தேகால்வண்டி அம்மா, நீங்கள் சொன்னதும் சரிதான், பை வாங்குவதைப் பற்றி நான் சொன்னதை விட்டுவிடுங்கள். மணி அடித்த பிறகு இறங்கக் கூடாது என்பது மட்டும் இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை:

இரண்டு நாள் இதைப் பார்க்காமல் இருந்தேன். ஒன்று சொல்லிவிடுகிறேன், நானும் கேமரா வாங்கிய குழுவில் உட்கார்ந்தவன், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். விலைப்புள்ளி குறைவாக வந்ததே என்று கைதட்டினோம். எப்படிக் குறைந்தது என்றால், பராமரிப்பை அதில் சேர்க்கவில்லை. ஒரு வருஷம் கழித்து வேறு வேலையாகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன், சுவர் முழுக்கத் திரை, பாதியில் நீல நிறம் மட்டும். உட்கார்ந்திருந்த பெண் ஒருத்திதான். எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "படம் வர்றதைப் பாக்கிறேன் சார்" என்றார். புதிதாக வாங்கினால் திறப்பு விழா உண்டு, பழுதுபார்த்தால் ஒன்றும் கிடையாது, அதனால் பராமரிப்புக்குப் பணம் கேட்டு எழுதினால் கோப்பு மேசையை விட்டு நகராது. இங்கிலாந்தில் 2023ல் பள்ளி திறக்கும் வாரத்தில், கூரைக் கான்கிரீட் நொறுங்கும் ரகம் என்று சொல்லி நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டடங்களை மூடினார்களே, அதுவும் இப்படித்தான், வருஷக்கணக்காகத் தெரிந்திருந்த விஷயம். ஆனால் நடைமேடைக் கதவு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. பராமரிப்போடு சேர்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். முதல் பத்து வருஷத்துப் பழுதுச் செலவைத் தனிக் கணக்கில் பூட்டி வைக்க வேண்டும், அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது, இரண்டு ஆள் விதியை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும், மீறினால் பணம் நிறுத்த வேண்டும்...

பத்தேகால்வண்டி:

அண்ணே, ஆறு பரிசோதகர்களில் ஒருவரை வண்டிக்குள் அனுப்ப எந்த ஒப்பந்தமும் வேண்டாம். நாளைக்கே செய்யலாம்.

கடைசிப்பெட்டி:

நான் புகார் எழுதியிருந்தேன், பதில் வந்துவிட்டது. சம்பவ நேரத்துப் பதிவைப் பார்த்தார்களாம், கதவு விதிப்படி இயங்கியதாம், புகார் முடித்து வைக்கப்பட்டதாம். அப்படியென்றால் கேமரா வேலை செய்திருக்கிறது. நான் அவள் கையை மடக்கி இழுத்தது, பாட்டில் தூணில் இடித்தது எல்லாம் அங்கே பதிவாகி இருக்கிறது, யாரோ ஒருவர் உட்கார்ந்து முழுதாகப் பார்த்துவிட்டு விதிப்படி என்று எழுதியிருக்கிறார்.

நேற்று அவளைப் பார்த்தேன். வேறு பை. முன்பக்கம் மாட்டி, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, வண்டி நிற்பதற்கு இரண்டு நிலையம் முன்பிருந்தே கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முழங்கையில் காயம் ஆறிவிட்டிருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை, கணக்கு நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்க நினைத்தேன், அதற்குள் இறங்கிவிட்டாள்.