ஜான் உல்ஃப் ஏழை அச்சகத்தாரின் தலைவரா, சந்தர்ப்பவாதியா?

பழையபுத்தகம்:
முதலாம் எலிசபெத் காலத்து லண்டனில், அரசி சிலருக்கு மட்டும் வழங்கிய அச்சுத் தனியுரிமைகளை அச்சகத்தாரான ஜான் உல்ஃப் எதிர்த்ததைப் பலரும் உரிமைப் போராட்டமாக எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. லூத்தர் தனியொருவராக மதத்தைத் திருத்தியதைப்போல இந்தத் தொழிலின் ஆட்சியை நான் திருத்துவேன் என்று அவர் முழங்கியதாகத் தனியுரிமையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படி முழங்கியவர் 1583-இல் மீன் வணிகர் சங்கத்திலிருந்து அச்சு, புத்தகத் தொழிலாளரின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்கு மாறி, 1587-இல் அதன் விதிகளை நடைமுறைப்படுத்தும் பீடில் பதவியை ஏற்று, பிறர் உரிமையில் இருந்த நூல்களை அச்சிடுவது என்ற, தாம் முன்பு செய்த அதே குற்றத்துக்காகப் பிறருடைய அச்சகங்களைச் சோதனையிடச் சென்றார்.

ஈயஎழுத்து:
ஐயா, மனிதரைச் சந்தேகிப்பதால் மனக்குறை பொய்யாகிவிடாது. பைபிள் கிறிஸ்டோபர் பார்க்கரிடமும், சட்ட நூல்கள் ரிச்சர்ட் டாட்டலிடமும், பிள்ளைகளின் அரிச்சுவடியும் கிறித்தவப் பாடம் சொல்லும் சிறு வினாவிடை நூலும் ஜான் டேயிடமும் இருந்தன. ஆண்டுதோறும் உறுதியாக விற்கும் நூல்கள் இப்படிச் சிலர் கைக்குள் அடங்கிய பிறகு, பல ஆண்டுகள் தொழில் பழகி வெளியே வந்தவருக்குக் கதைப்பாடல்களும் துண்டு நூல்களும்தாம் மிஞ்சின. ரோஜர் வார்டு என்ற அச்சகத்தார் அந்த அரிச்சுவடியைத் திருட்டுத்தனமாக 10,000 படிகள் அச்சிட்டதும் இதனால்தான். குறை நியாயமற்றது என்றால், 1584 ஜனவரியில் தனியுரிமையாளர்கள் தங்கள் நூல்களில் சிலவற்றைக் கம்பெனியின் ஏழை உறுப்பினர்களுக்கு விட்டுக்கொடுத்தது எதற்காக?

பழையபுத்தகம்:
வார்டு அந்த நூலில் டேயின் பெயரையும் முத்திரையையும் போட்டார் என்பதை விட்டுவிட்டீர்கள். அது வாங்குபவரையும் ஏமாற்றும் செயல். பார்க்கர் 1582 அறிக்கையில் எழுதியதையும் பாருங்கள். பெரும் பணம் தேவைப்பட்டதால், தமக்கு முன்பு பைபிள் அச்சுரிமை வைத்திருந்த ரிச்சர்ட் ஜக் முழு பைபிளை அச்சிடத் துணியாமல் நாட்டைப் பன்னிரண்டு ஆண்டுகள் காக்க வைத்தார் என்றும், தாம் ஒன்றரை ஆண்டில் நான்கு பதிப்புகளுக்கு 3,000 பவுண்டு முடக்கியதாகவும் அவர் கூறுகிறார். தாள் பெரும்பாலும் பிரான்ஸிலிருந்து வந்தது. அதற்கு முதலிலேயே பணம் கட்டியாக வேண்டும், விற்ற பணமோ மெல்லத்தான் திரும்பும். பக்கத்துத் தெருக்காரர் அதே நூலை மறு மாதமே அச்சிடலாம் என்றால் யார் துணிவார்?

சுவடிக்காரர்:
இருவருமே முதலாளிகளைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். எழுத்துக் கோத்தவர்களும் இயந்திரத்தை இழுத்தவர்களும் எங்கே? 1587-இல் கம்பெனி, பெரும்பாலான நூல்களை ஒரு பதிப்புக்கு 1,250 அல்லது 1,500 படிகளுக்கு மேல் அச்சிடக் கூடாது என்றும், கோத்த பக்கங்களை அடுத்த பதிப்புக்காக அப்படியே வைத்திருக்கக் கூடாது என்றும் விதித்தது. மறுபதிப்பு வந்தால் எழுத்துகளை மீண்டும் கோக்க வேண்டும், அதனால் வேலை கிடைக்கும் என்பதே நோக்கம். ஆனால் இலக்கணம், வினாவிடை போன்ற நூல்களுக்கு இதைவிடப் பெரிய எண்ணிக்கை அனுமதிக்கப்பட்டது. அவைதாம் தனியுரிமைக்குள் இருந்த நூல்கள். தொழிலாளிக்குக் கொடுத்த சலுகைகூட அந்த வாசலில் நின்றுவிட்டது.

ஈயஎழுத்து:
பார்க்கரின் முதலீட்டை நான் மறுக்கவில்லை. அதே அறிக்கையில் அவர், லண்டனில் 22 அச்சகங்கள் இருப்பதாகவும், இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் சேர்த்து எட்டோ பத்தோ போதுமென்றும் வாதிடுகிறார். அது முதலுக்குப் பாதுகாப்புக் கேட்பவரின் பேச்சு அன்று, போட்டியாளரைக் குறைக்கக் கேட்பவரின் பேச்சு. நான்கு ஆண்டுகளில் அரசும் இணங்கியது: அரசியின் உயர் நீதிமன்றமான நட்சத்திர மன்றத்தின் 1586 ஆணை, இருக்கும் அச்சகங்களின் எண்ணிக்கை குறையும்வரை புதியவற்றைத் தடுத்ததோடு, கேன்டர்பரி பேராயரோ லண்டன் ஆயரோ பார்த்து ஒப்புதல் தந்த நூல்களையே அச்சிடலாம் என்றது. 1588-இல் இங்கிலாந்துத் திருச்சபையை மேலும் திருத்தக் கோரிய பியூரிட்டன் பிரிவினரின் அச்சகத்தாரான ராபர்ட் வால்ட்கிரேவின் இயந்திரம் பறிக்கப்பட்டது. உங்கள் உல்ஃபும் அந்தச் சோதனையில் இருந்தார். ஒருவருடைய 3,000 பவுண்டைக் காப்பதற்கு இவ்வளவும் தேவைதானா என்ற கேள்விக்கு, ஐயா, நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.