மறு: பிளேயர் பியானோ – தானியங்கியா, வாசிப்பியா?

அனைவருக்கும் வணக்கம்.

துளையிட்ட தாள்சுருளைப் பொருத்தினால் அதன்படி இசைக்கும் 'பிளேயர் பியானோ'வுக்குத் தமிழில் என்ன கலைச்சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். 'தானியங்கிப் பியானோ' என்று முடிவு செய்து பட்டியலில் ஏற்றிவிடலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறுக்கக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல் இந்தக் கருவிக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். இழையில் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> விரல் படாமலே கட்டைகள் இறங்குகின்றன. தானியங்கி என்று சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

விரல் படவில்லை, உண்மைதான். ஆனால் கால் படுகிறது. பழைய பியானோ ஒன்றை ஒரு சேகரிப்பாளர் வீட்டில் மிதித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. கீழே இரண்டு மிதிகள். இடது, வலது என்று மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். ஒரே சீராக மிதித்தால் இசை தட்டையாக, உயிரில்லாமல் வருகிறது. ஒரு சுரம் வரும் நேரம் பார்த்துக் காலைச் சற்று அழுத்தினால் அந்தச் சுரம் மட்டும் எழும்பி நிற்கிறது. கையருகே வேகத்துக்கு ஒரு நெம்புகோல். சில சுருள்களில் தாளின் நீளத்துக்கும் ஒரு சிவப்பு வளைகோடு ஓடும். நெம்புகோலோடு சேர்ந்த முள் அந்தக் கோட்டை விட்டு விலகாமல் பார்த்துக்கொண்டால், இசைஞர் எங்கே நிதானித்தார், எங்கே விரைந்தார் என்பது நம் கையில் வரும். பாட்டுச் சுருள்களில் ஓரத்தில் வரிகள் அச்சிட்டிருக்கும். தாள் மேலிருந்து கீழே இறங்குவதால் அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் எனக்குக் கெண்டைக்கால் வலித்துவிட்டது. இதைத் தானியங்கி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? 'ஊதுபியானோ' என்று ஒரு நண்பர் முன்மொழிந்திருந்தார். காற்றை வைத்து வேலை செய்கிறது என்பது சரி, ஆனால் அது ஊதுவதில்லை, உறிஞ்சுகிறது. மிதிகள் அசைக்கும் துருத்திகள் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. துளையிட்ட தாள் ஒரு பித்தளைச் சட்டத்தின் மேல் நகர்கிறது. அந்தச் சட்டத்தில் கட்டைக்கு ஒன்றாக 88 சிறு வாய்கள். தாள் மூடியிருக்கும்வரை வாய் அடைபட்டிருக்கும். துளை நேராக வந்ததும் வெளிக்காற்று குழாய் வழியே உள்ளே போய் ஒரு மெல்லிய தோல்பையைத் தூக்கும், பை ஒரு வால்வைத் தூக்கும், வால்வு திறந்ததும் அந்தக் கட்டைக்குரிய சிறுதுருத்தியிலிருந்து காற்று உறிஞ்சப்படும். துருத்தி சட்டென்று சுருங்கிச் சுத்தியை நரம்பின் மேல் எறியும். நீண்ட சுரத்துக்கு ஒரே நீளப் பிளவாக வெட்டினால் தாள் கிழியும் என்று, பல இடங்களில் சின்னச் சின்னத் துளைகளைச் சங்கிலிபோல் நெருக்கி அடித்திருப்பார்கள். அதைக் கையில் பிடித்துப் பார்த்தபோது நெய்த துணியின் ஓரம்போலத்தான் இருந்தது. துளை அட்டைகளின்படி பூவேலை நெய்யும் ஜக்கார் தறிக்கு இது உறவு என்று தனியாகச் சொல்லவே வேண்டாம்.

'துளைப் பியானோ' என்ற பரிந்துரையையும் வேறொரு காரணத்தால் ஏற்கத் தயங்குகிறேன். துளைக்கருவி என்றால் நம் காதில் குழலும் நாகசுரமும்தான் விழும். இது நரம்பில் சுத்தி அடிக்கும் கருவி, துளை இருப்பது தாளில். சுருளுக்குத் 'துளைச்சுருள்' என்று வைத்துக்கொள்ளலாம், அதில் குழப்பமில்லை.

இனி என் பரிந்துரைக்கு வருகிறேன். இந்தக் கருவிக்கு ஏற்ற வினை தமிழில் தயாராகவே இருக்கிறது. வீணையை மீட்டுகிறோம், குழலை ஊதுகிறோம், முரசை அறைகிறோம், பியானோவை வாசிக்கிறோம். கடிதத்தையும் வாசிக்கிறோம். தாளில் இருப்பதை வாசிப்பதும் கருவியை வாசிப்பதும் நமக்கு ஒரே சொல். இந்தப் பியானோ செய்வது அந்த இரண்டையும்தான், அதுவும் ஒரே நொடியில்: சுருளை வாசிக்கிறது, பியானோவை வாசிக்கிறது. இதோடு பிறவினையைச் சேர்த்துப் பாருங்கள். படி – படிப்பி என்பதுபோல வாசி – வாசிப்பி. பெயராகக் கொண்டால் ஒலிபெருக்கி, திசைகாட்டி வரிசையில் 'வாசிப்பி'யும் இயல்பாக வந்து உட்காருகிறது.

வரலாறும் இதற்கு இடம் கொடுக்கிறது. 1895இல் டெட்ராயிட்டில் எட்வின் வோட்டி செய்த முதல் பியனோலா ஒரு பியானோவே அல்ல. அது தனி அலமாரி. அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாதாரணப் பியானோவின் முன்னால் நிறுத்த வேண்டும். கம்பளித் துணி ஒட்டிய 65 மர விரல்கள் கட்டைகளின் மேல் வந்து நிற்கும். அந்த அலமாரிதான் வாசிப்பி, பியானோவை வாசிக்க வைக்கும் கருவி. அப்புறம் இந்தப் பொறியைப் பியானோவுக்குள்ளேயே வைத்துக் கட்டினார்கள், அது வாசிப்பிப் பியானோ. ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் 'பியானோ பிளேயர்', 'பிளேயர் பியானோ' என்று வெறுமனே முன்பின் மாற்றிச் சொன்னார்கள். அதில் முதல் சொல் வாசிக்கும் மனிதரையும் குறித்துக் குழப்பியது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை: மனிதர் வாசிப்பவர், பொறி வாசிப்பி.

'பியனோலா' என்றே வைத்துவிடலாமே என்று கேட்டவர்களுக்கு: அது ஏயோலியன் நிறுவனத்தின் வணிகப் பெயர். ஸ்பானியத்தில் அது பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. கதையில், கட்டுரையில் தாராளமாக எழுதலாம். ஆனால் கலைச்சொல் பட்டியலில் வகையின் பெயர் வேண்டும்.

'வாசி' வேண்டாம், 'இசைப்பி' என்று வைக்கலாம் என்று எழுதிய ஐயாவுக்கு ஒரு வழக்கைச் சொல்ல விரும்புகிறேன். 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கேள்வி வந்தது. ஒயிட்-ஸ்மித் என்ற இசைப் பதிப்பகத்துக்கு உரிமையுள்ள பாடல்களை அப்போலோ நிறுவனம் சுருளாகத் துளையிட்டு விற்றது. அந்தச் சுருள் இசைத்தாளின் நகலா, இல்லையா? நகல் இல்லை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இசைக்குறிப்பு மனிதர் பார்த்துப் படித்தறிய ஏற்றது; சுருளோ அப்படிப் படிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, அது பொறியின் ஓர் உறுப்பு என்று கருதினார்கள். அடுத்த ஆண்டே வந்த பதிப்புரிமைச் சட்டம், ஒவ்வொரு சுருளுக்கும் உரிமையாளருக்கு 2 சென்ட் தர வேண்டும் என்று விதித்தது. மனிதக் கண்ணால் வாசிக்க முடியாததைப் பொறி வாசிக்கிறது என்பதுதான் அந்த வழக்கின் முடிச்சே. 'இசைப்பி' நல்ல சொல், ஆனால் அதில் இந்த முடிச்சு விழுவதில்லை.

அடுத்தது 'ரீப்ரொடியூசிங் பியானோ'. இது வேறு வகை, தனிச் சொல் கட்டாயம் வேண்டும். 1904இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் எட்வின் வெல்டெயும் கார்ல் பொக்கிஷும் கொண்டுவந்த வெல்டெ-மின்யோன் என்ற கருவியில் மிதிக்கவே வேண்டாம். ஒரு கலைஞர் எந்தக் கட்டையை எப்போது தொட்டார், எவ்வளவு நேரம் பிடித்தார், எங்கே ஓங்கினார் என்பது வரை சுருளிலேயே இருந்தது. தாளின் ஓரத் துளைகள் உறிஞ்சு விசையை ஏற்றி இறக்கும். தாழ்சுரப் பாதிக்கும் உயர்சுரப் பாதிக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உண்டு. இசையமைப்பாளர் மாலர் பியானோ வாசித்தது இன்று நமக்குக் கிடைப்பது 1905 நவம்பரில் அவர் வெல்டெ நிறுவனத்துக்காகப் பதிந்த சுருள்களில் மட்டும்தான். இதற்கு 'மீள்வாசிப்பு' என்று எழுதத்தான் முதலில் கை போயிற்று. ஆனால் இலக்கியத் திறனாய்வு அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. 'மீட்டிசை' காதுக்கு இனிமை, ஆனால் மீட்டுதல் விரலால் நரம்பைத் தொடும் கருவிகளுக்கு உரியது. ஆகவே 'மீளிசைப் பியானோ' என்கிறேன்.

இந்தப் பிரிவு ஏன் தேவை என்பதற்குக் கான்லன் நான்கேரோ ஒருவரே போதும். மெக்சிகோ நகரில் உட்கார்ந்து, எந்தக் கையாலும் வாசிக்க முடியாத தாளக்கட்டுகளைத் தாளில் ஒவ்வொரு துளையாகக் குத்தி இசையமைத்தவர். அங்கே மீள்வதற்கு முதலில் ஒரு வாசிப்பே நடக்கவில்லை. அவருடைய படைப்புகளை மீளிசைப் பியானோவுக்கானவை என்றால் பொருளே கெட்டுவிடும். வாசிப்பிப் பியானோவுக்கானவை என்றால் அப்படியே பொருந்துகிறது.

1980களில் வந்த யமஹா டிஸ்க்ளேவியர் போன்றவற்றில் தாளும் இல்லை, துருத்தியும் இல்லை. கட்டைகளை மின்காந்தக் கம்பிச்சுருள்கள் தள்ளுகின்றன. 'மின்வாசிப்பிப் பியானோ' போதும். இழையின் தொடக்கத்தில் வந்த 'சுருளிசைப் பியானோ'வை நான் விட்டதற்கும் இதுவே காரணம். தாள்சுருளா, கம்பிச்சுருளா என்று படிப்பவர் திகைப்பார்.

ஒரு சொல் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தாள் உரசிச் செல்லும் அந்தப் பித்தளைச் சட்டத்துக்குத் 'துளைவாய்ச் சட்டம்' என்று குறித்து வைத்திருக்கிறேன். துளை தாளுக்கு உரியது, வாய் சட்டத்துக்கு உரியது. இரண்டையும் ஒன்றாக ஒட்டியது சரியில்லை என்று படுகிறது. வெறும் 'வாய்ச்சட்டம்' போதுமா? தறி வேலையோ ஆர்மோனியப் பழுதுபார்ப்போ தெரிந்தவர்கள் இங்கே இருந்தால், இப்படி வரிசையாக வாய் வைத்த சட்டத்துக்குப் பட்டறையில் என்ன பெயர் வழங்குகிறது என்று சொல்லுங்கள். அந்தப் பெயரையே எடுத்துக்கொள்வோம்.