வெட்டும் இயந்திரத்தில் தமிழ் எழுத்துத் தோரணமும் பரிசுப் பொருள்களும்: சில ஐயங்கள்

கேள்வி (எழுதியவர்: காகிதமயில்)

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணன் மகளின் பிறந்தநாள் அடுத்த மாதம் வருகிறது. கடையில் வாங்கிய அலங்காரப் பொருள்களைத் தவிர்த்து, தோரணம், காகிதப் பூக்கள், விருந்தினராக வரும் குழந்தைகளுக்கான சிறு பரிசுகள் ஆகிய அனைத்தையும் வீட்டிலேயே செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். இதற்காகக் கணினியுடன் இணைத்து இயக்கும் கிராஃப்ட் கட்டிங் மெஷின் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஆங்கில எழுத்துகளும் பூ, நட்சத்திரம் போன்ற வடிவங்களும் நன்றாகவே வெட்டுப்படுகின்றன. மூன்று இடங்களில்தான் தடுமாற்றம் ஏற்படுகிறது.

முதலாவது, தோரணம். "இனிய பிறந்தநாள் நல்வாழ்த்துகள்" என்று வெட்டினால் புள்ளிகள் எல்லாம் சின்னச் சின்ன வட்டங்களாகத் தனியே உதிர்ந்துவிடுகின்றன. குழந்தையின் பெயரில் ஓர் ஒகர எழுத்து இருக்கிறது. அதை இயந்திரத்தின் மென்பொருளிலேயே தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. இரண்டாவது, கார்டுஸ்டாக் அட்டையில் நுணுக்கமான வடிவங்களை வெட்டும்போது மூலைகள் கிழிந்து நார் நாராக வருகின்றன. மூன்றாவது, குழந்தைகளின் பெயர் பொறித்த பீங்கான் குவளைகளும் துணிப்பைகளும் பரிசாகத் தர எண்ணியிருக்கிறேன். எதற்கு எந்த வினைல் (வடிவங்களாக வெட்டி ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) பொருந்தும், எப்படி ஒட்டினால் நிலைக்கும் என்பது தெரிய வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி (எழுதியவர்: எழுத்துப்பட்டறை)

உங்கள் முதல் ஐயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தமிழில் வெட்ட முயலும் எல்லோரும் இந்த இடத்தில்தான் முதலில் சோர்ந்து போகிறார்கள். இயந்திரத்திலோ உங்கள் கையிலோ குறை எதுவும் இல்லை. பிளேடு வரைகோட்டை மட்டுமே பின்தொடரும். தாளில் எழுதும்போது ஒரே எழுத்தாக நம் கண்ணுக்குத் தெரிவது அதற்கு இரண்டு மூன்று தனித் துண்டுகளாகத் தெரியும். நீங்கள் சொன்ன வாழ்த்தையே எண்ணிப் பாருங்கள்: "பிறந்தநாள்" என்பதில் இரண்டு புள்ளிகள், "நல்வாழ்த்துகள்" என்பதில் நான்கு, ஆக ஆறு. இவை தவிர "நா", "வா" ஆகியவற்றின் கால்கள் இரண்டும் பெரும்பாலான எழுத்துருக்களில் தனியாகவே நிற்கும். ஆகவே ஒட்டாமல் நிற்கும் எட்டுத் துண்டுகளை என்ன செய்வது என்பதை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

கொம்பும் காலும் இடம் மாறுவதற்குக் காரணம் வேறு. ஒருங்குறியில் (யூனிகோட்) ஒகர உயிர்மெய்யைத் தட்டச்சு செய்தால் கணினி மெய்யை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும் சேமிக்கிறது. கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த ஒழுங்கமைப்பைச் சரியாகச் செய்யாத மென்பொருளில் எழுத்து சிதைந்துதான் தெரியும். எனவே அங்கே தட்டச்சு செய்வதை விட்டுவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் மென்பொருளில் தட்டச்சு செய்யுங்கள். அதில் தமிழ் ஒழுங்காக அமையும். பிறகு பாத் மெனுவில் உள்ள "ஆப்ஜெக்ட் டு பாத்" கட்டளையால் எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, குழுவைப் பிரித்து, "யூனியன்" கொடுத்து, எஸ்விஜி (கோட்டு வடிவங்களைச் சேமிக்கும் வகை) கோப்பாகச் சேமியுங்கள். அதன்பின் எந்தக் கணினியில் திறந்தாலும் கொம்பு நகராது. யூனியன் கட்டளையைத் தவிர்த்துவிடாதீர்கள்: சில எழுத்துருக்களில் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், இணைக்காமல் அனுப்பினால் பிளேடு எழுத்தின் நடுவிலேயே குறுக்காக வெட்டிவிடும். கோப்பை இயந்திரத்தின் மென்பொருளுக்குள் கொண்டுவந்த பின் அகலத்தையும் உயரத்தையும் ஒருமுறை சரிபாருங்கள், ஏனெனில் மென்பொருளுக்கு மென்பொருள் அளவு மாறிவிடுவதுண்டு.

எழுத்துருவைப் பொறுத்தவரை கோடு ஒரே தடிமனாக இருப்பதையே தேர்ந்தெடுங்கள். பலூ தம்பி, முக்த மலர், கேட்டமரன், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைப்பவை. இவற்றுள் பலூ தம்பி உருண்டு திரண்டு இருப்பதால் குழந்தைகளுக்கான தோரணத்துக்கு மிகவும் எடுப்பாக இருக்கிறது என்பது என் கருத்து. அட்டையில் வெட்டும்போது மிக ஒல்லியான இடத்திலும் கோடு மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப் புள்ளிகள். புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தின் தலையோடு ஒட்டவைத்து ஒரே துண்டாக்குவது பலர் செய்யும் முறை. அது எனக்கு உடன்பாடில்லை. புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையில் வெற்றிடம் இருந்தால்தான் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு "ல்" என்பது "ல்" என்றே படும். அதைவிட நல்ல வழி, சொல்லைச் சுற்றி நான்கைந்து மில்லிமீட்டர் தள்ளி ஒரு வெளிவரையை ஆஃப்செட் கட்டளையால் உருவாக்கி, அதை வேறு நிற அட்டையில் அடித்தளமாக வெட்டி, எழுத்துகளையும் புள்ளிகளையும் அதன்மேல் ஒட்டுவது. புள்ளி, கால், கொம்பு எல்லாம் ஒரே தளத்தில் அமர்ந்துவிடும். இரண்டு நிறங்கள் சேர்வதால் எழுத்தும் பளிச்சென்று எழும்பி நிற்கும். கேக்கின் மேல் குச்சியில் நிறுத்தும் பெயர்ப்பலகைக்கும் இதுவே ஏற்றது. ஆனால் அதில் அட்டையும் பசையும் கேக்கைத் தொடாதபடி குச்சியை மட்டும் உள்ளே செருகுங்கள்.

முக்கோணக் கொடிகளில் கொடிக்கு ஓர் எழுத்தாக ஒட்டித் தோரணம் கட்டுவதென்றால் இன்னொரு கைமுறை உண்டு. எழுத்தை வெட்டி எடுத்தபின் எஞ்சும் அட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். அதில் எழுத்தின் வடிவிலும் புள்ளியின் வடிவிலும் துளைகள் இருக்குமல்லவா? அதைக் கொடியின் மேல் வைத்து, பசை தடவிய எழுத்தையும் புள்ளியையும் அந்தத் துளைகளுக்குள் இட்டு அழுத்திவிட்டு, அட்டையை மெதுவாகத் தூக்கிவிடுங்கள். அளவுகோல் இல்லாமலே புள்ளி சரியான உயரத்தில் அமர்ந்திருக்கும். எல்லாக் கொடிகளிலும் எழுத்து ஒரே மட்டத்தில் நிற்பதற்கு இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை.

மறுமொழி (எழுதியவர்: அட்டைப்பெட்டி)

அட்டை கிழிவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த இயந்திரங்களில் சாதாரணமாக வரும் பிளேடு அதன் பிடிப்பானுக்குள் தானே சுழலும் வகையைச் சேர்ந்தது. கோடு திரும்பும் திசைக்கேற்ப அதன் முனை இழுபட்டுத் திரும்புகிறது. கூர்மையான மூலையில் அது திரும்பி முடிப்பதற்குள் தாளின் நாரும் சேர்ந்து இழுக்கப்படுவதால்தான் கிழிசல் ஏற்படுகிறது. பிளேடு மழுங்கியிருந்தாலோ, அதன் முனையில் காகிதத் துணுக்கு சிக்கியிருந்தாலோ, தாள் கட்டிங் மேட்டில் (தாளை ஒட்டிவைத்து இயந்திரத்துக்குள் செலுத்தும் பசைப் பரப்புள்ள விரிப்பு) உறுதியாக ஒட்டாமல் இருந்தாலோ இந்த இழுப்பு பல மடங்காகிறது.

ஆகவே முதலில் பிடிப்பானை வெளியே எடுத்து, பிளேடின் முனையை அலுமினியத் தாளைக் கசக்கிச் செய்த உருண்டையில் சில முறை குத்தி எடுங்கள். ஒட்டியிருக்கும் துணுக்குகள் அதில் வந்துவிடும். அடுத்து மேட். இவ்வகை இயந்திரங்களைத் தயாரிக்கும் கிரிக்கட் (Cricut) நிறுவனத்தின் மேட்களில் நீலம் குறைந்த ஒட்டும் தன்மையும், பச்சை நடுத்தரமும், ஊதா மிகுந்த ஒட்டும் தன்மையும் கொண்டவை. மற்ற நிறுவனங்களும் இப்படி வகை பிரித்தே விற்கின்றன. சாதாரணத் தாளுக்குக் குறைந்த ஒட்டும் தன்மையும், கார்டுஸ்டாக்குக்கு நடுத்தர ஒட்டும் தன்மையும் போதும். தாளை மேட்டில் வைத்தபின் உருளையாலோ உள்ளங்கையாலோ நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அழுத்தித் தேயுங்கள்.

வெட்டிய வடிவத்தைத் தாளைப் பிடித்து மேலே இழுத்து எடுக்கிறீர்களா என்பதையும் கவனியுங்கள். மேட்டைக் கவிழ்த்து, தாள் மேசையில் படிந்திருக்க, மேட்டைத்தான் பின்னோக்கி வளைத்து உரிக்க வேண்டும். அப்படிச் செய்தால் தாள் சுருளாது, மெல்லிய இதழ்களும் பிய்யாது.

அட்டையின் தன்மைக்கும் பெரும் பங்கு உண்டு. மேற்பரப்பில் நெசவு போன்ற வரிகள் உள்ள அட்டை நுணுக்க வேலைக்கு உதவாது. வழவழப்பான, உள்ளும் புறமும் ஒரே நிறம் கொண்ட, சுமார் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) எடையுள்ள அட்டையை வாங்குங்கள். நுணுக்கமான வடிவங்களுக்கு வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தை ஒரேயடியாகக் கூட்டாமல் இரண்டு முறை வெட்டவிடுவது நல்லது. புதிய அட்டை எதுவானாலும் அதன் ஓரத்தில் ஒரு சிறு சதுரத்தை வெட்டிப் பார்த்துவிட்டுத்தான் முழு டிசைனையும் அனுப்ப வேண்டும். சதுரம் தானாக விடுபட்டு, மேட்டில் ஆழமான கீறல் விழாமல் இருந்தால் அமைப்பு சரி. முழு வேலையும் முடிந்த பிறகு உடனே மேட்டை வெளியே தள்ளிவிடாதீர்கள். ஒரு மூலையைச் சற்றே தூக்கிப் பார்த்து, வெட்டு முழுமையாகவில்லை என்றால் அதே நிலையில் மறுபடி வெட்டச் சொல்லலாம். வெளியே எடுத்துவிட்டு மீண்டும் செருகினால் பிளேடு அதே கோட்டில் செல்லும் என்று நம்ப முடியாது.

மறுமொழி (எழுதியவர்: வண்ணக்குவளை)

குவளைக்கும் துணிக்கும் வெவ்வேறு வினைல் தேவை. குவளைக்கு, பின்புறம் பசையுள்ள நிரந்தர வகை வினைல். ஓரக்கல் 651 என்ற வகையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதே நிறுவனத்தின் 631 சுவரில் ஒட்டிப் பின்னர் எடுப்பதற்கானது. கழுவும் பொருளுக்குப் பொருந்தாது. துணிக்கு, வெப்பத்தால் ஒட்டும் வினைல்.

குவளையை முதலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கையிலுள்ள எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் வினைல் நாளடைவில் எழும்பிவிடும், ஆகையால் துடைத்தபின் ஒட்டப்போகும் இடத்தை விரலால் தொடக்கூடாது. வினைலை வெட்டும்போது பின்தாள் வெட்டுப்படக்கூடாது. வேண்டாத பகுதிகளைக் கொக்கி ஊசியால் நீக்கும்போது "க", "த", "ழ" போன்றவற்றின் உட்குழிகளை மறந்துவிடாதீர்கள். சிறிய அளவில் பெயரை வெட்டினால் அவை கண்ணுக்கே தெரியாது. கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால் வெட்டுக்கோடு நிழலாகத் தெரியும். பிறகு டிரான்ஸ்பர் டேப்பால் (வெட்டிய எழுத்துகளை இடம் மாறாமல் எடுத்து ஒட்ட உதவும் பசைத்தாள்) எடுத்து, நடுவில் முதலில் ஒட்டி இருபுறமும் நீவுங்கள். குவளை வளைந்திருப்பதால் டேப்பின் மேல், கீழ் விளிம்புகளில் எழுத்தைத் தொடாமல் சிறு வெட்டுகள் கொடுத்தால் சுருக்கம் விழாது. டேப்பை நேராக மேலே இழுக்காமல், பரப்போடு ஒட்டினாற்போல் மடக்கி உரியுங்கள்.

இது உணவு படும் இடத்துக்கான பொருள் அல்ல. வாய் வைக்கும் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் கீழே ஒட்டுங்கள். உட்புறம் ஒட்டவே கூடாது. பெறுவது குழந்தைகள் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஒட்டிய பின் 72 மணி நேரம் தண்ணீர் படாமல் வையுங்கள். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாமல் கையால் கழுவ வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிப் பரிசோடு வைத்துவிடுங்கள்.

துணிப்பைக்கு, டிசைனைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பித்தான் வெட்ட வேண்டும். பளபளக்கும் பிளாஸ்டிக் பக்கம் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். பையை முன்னதாகத் துவைத்துக் காயவைத்தால் அதிலுள்ள கஞ்சிப்பசை போய்விடும். சாதாரண இஸ்திரிப் பெட்டியே போதும், ஆனால் நீராவியை அணைத்துவிடுங்கள். மெத்தென்ற இஸ்திரிப் பலகையில் அழுத்தம் கிடைக்காது. உறுதியான மேசையில் துணி விரித்து, பெட்டியை நகர்த்தித் தேய்க்காமல் ஓரிடத்தில் வைத்து அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். பல வகைகளுக்குச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 10 முதல் 15 விநாடியும் போதும் என்றாலும், சூடாக உரிப்பதா ஆறியபின் உரிப்பதா என்பது வகைக்கு வகை மாறும்; சுருளோடு வரும் குறிப்பைப் பாருங்கள்.

காகிதமயில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எஞ்சிய அட்டையை அச்சாக வைத்துப் புள்ளியை ஒட்டும் முறையை உடனே செய்து பார்த்தேன்; "ள்" மிகச் சரியாக அமைந்தது. இன்னும் இரண்டு கேள்விகள். சுருள் வடிவில் வெட்டிச் சுற்றிச் செய்யும் காகித ரோஜாக்கள் பசை காய்வதற்குள் விரிந்துவிடுகின்றன. தடுக்க வழி உண்டா? எல்லாவற்றையும் எந்த வரிசையில் செய்தால் கடைசி நேர நெருக்கடி இல்லாமல் இருக்கும்?

அட்டைப்பெட்டி

ரோஜாவுக்கு 200 ஜிஎஸ்எம் அட்டை கனம் அதிகம். 120 முதல் 160 வரை போதும். சுருளின் வெளி முனையிலிருந்து இறுக்கமாகச் சுற்றத் தொடங்கி, நடுவிலுள்ள வட்டம் வரை கொண்டுவாருங்கள். சுற்றி முடித்ததும் உடனே ஒட்டாமல் பிடியைத் தளர்த்தி, அது தானாக எவ்வளவு விரிய விரும்புகிறதோ அவ்வளவு விரியவிட்டு, பிறகு அந்த வட்டத்தில் தாராளமாகச் சூட்டுப்பசை வைத்து அழுத்திச் சில விநாடிகள் பிடித்திருங்கள். தாளின் விறைப்பை எதிர்த்து ஒட்டினால்தான் அது பிரிந்துகொண்டு வரும்.

வரிசை என்றால், குவளைகளை முதலில் முடித்துவிடுங்கள், ஏனெனில் அவற்றுக்குத்தான் காத்திருக்கும் நேரம் தேவை. அடுத்து துணிப்பைகள், பிறகு தோரணம். பரிசுப் பெட்டிகள் செய்வதாக இருந்தால் மடிப்புக் கோடுகளோடு வெட்டித் தட்டையாகவே அடுக்கிவைத்து, விழாவுக்கு முந்தின நாள் மடித்து ஒட்டுங்கள். முன்கூட்டியே மடித்தால் இடமும் அடைக்கும், மூலையும் நசுங்கும். பூக்களை எப்போது வேண்டுமானாலும் சுற்றலாம். இயந்திரம் அடுத்த தாளை வெட்டிக்கொண்டிருக்கும் நேரமே அதற்குப் போதும்.