தாத்தாவின் பல் செட்டும் நாக்கோரப் புண்ணும்

ராயபுரம் அத்தை: அப்பாவின் கீழ்ப் பல் செட் உராய்ந்து நாக்கின் இடது ஓரத்தில் வந்த புண் ஒரு மாதத்துக்கு மேலாகியும் ஆறவில்லை. மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் கொடுத்துப் பார்த்துவிட்டேன். நேற்று இரவு உப்புத்தாளை எடுத்துச் செட்டின் விளிம்பைத் தாமே தேய்த்துக்கொண்டிருந்தார். பல் செட் போட்டால் புற்றுநோய் வரும் என்று இன்னொரு வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தியைப் படித்ததிலிருந்து கலக்கமாக இருக்கிறது.

கொருக்குப்பேட்டை சித்தப்பா: ஊரில் பாதிப் பேர் செட் போட்டிருக்கிறார்கள், அக்கா. எல்லோருக்குமா வந்துவிட்டது?

டாக்டர் அண்ணி: எல்லோருக்கும் வராது, மாமா. புகையிலை, பாக்கு, மது ஆகியவைதான் முதன்மைக் காரணங்கள். பொருந்தாத செட் ஒரே இடத்தில் நெடுங்காலம் உராய்ந்துகொண்டே இருப்பதற்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பல் எடுத்த பிறகு தாடை எலும்பு ஆண்டுக்கு ஆண்டு கரைந்து தாழ்வதால், முதலில் கச்சிதமாக இருந்த செட்டும் ஆடத் தொடங்கி ஓரத்தில் குத்தும். தாத்தா புகையிலையும் பாக்கும் கலந்த மாவாவை விட்டுவிட்டார், வெற்றிலை பாக்கை விடவில்லை. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. எனக்குச் செட்டைவிடப் பெரிய பயம் என்னவென்றால், பழி போட அது கைவசம் இருப்பதால் பலர் புண்ணை யாரிடமும் காட்டாமல் மாதக்கணக்கில் ஓட்டிவிடுகிறார்கள்.

தாத்தா: எனக்கு வலியே இல்லையே, அம்மா.

டாக்டர் அண்ணி: தொடக்கத்தில் பலருக்கு வலிக்காது, தாத்தா. அத்தை, கையைக் கழுவிவிட்டுப் புண்ணின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள்.

ராயபுரம் அத்தை: பார்த்தேன். ஓரம் தடித்துக் கெட்டியாக இருக்கிறது. நடுவில் வெள்ளையும் சிவப்புமாகத் தெரிகிறது.

டாக்டர் அண்ணி: அப்படியென்றால் காத்திருக்க வேண்டாம். செட்டைக் கழற்றி வைத்த பிறகும் 2 வாரத்துக்குள் ஆறாத புண்ணைச் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது வழக்கம். இதுவோ ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டது. கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு நாளைக் காலையிலேயே அழைத்துப் போங்கள். செட்டை இனித் தேய்க்காமல், எந்த விளிம்பு குத்துகிறது என்று அவர்கள் பார்ப்பதற்காக அப்படியே கொண்டு போங்கள்.

தாத்தா: சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே?

டாக்டர் அண்ணி: பரவாது, தாத்தா. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் சிறு துண்டு எடுப்பார்கள். புற்றுநோய் இல்லை என்றே முடிவு வந்தாலும் செட்டைச் சரிசெய்தாக வேண்டும்.

கொருக்குப்பேட்டை சித்தப்பா: நான் காலை 7 மணிக்கு ஆட்டோவோடு வருகிறேன், அப்பா.

தாத்தா: செட் இல்லாமல் தெருவில் இறங்கக் கூச்சமாக இருக்கிறது. வரும்போது ஒரு மாஸ்க் வாங்கி வா.