புதுப்பிப்பு: முடக்குவாதத்தோடு ஓர் ஈற்றுக் குட்டிகளை வளர்ப்பது

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் (எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து) எடுப்பவர்கள் நாய்க்குட்டிகளை வளர்ப்பது பற்றிய போன பதிவில், குட்டிகள் இருக்கும் பெட்டியைப் பினாயில் போட்டுத் துடைத்தால் போதும் என்று எழுதியிருந்தேன். அது தவறு, மன்னிக்கவும். குட்டிகளின் குடலில் இருந்து மனிதருக்கும் தொற்றக்கூடிய உருண்டைப்புழுவின் முட்டை பினாயிலுக்கும் சாகாது, பிளீச்சிங் பவுடருக்கும் சாகாது. கொதிக்கும் நீருக்குத்தான் சாகும். நல்லவேளையாக, மலத்தோடு வரும் முட்டை தொற்றும் நிலைக்கு வர 2 முதல் 4 வாரம் பிடிக்கும். அன்றன்றைக்கு மலத்தை அள்ளிவிட்டாலே பெரும் அபாயம் நீங்கிவிடும். குட்டிக்குப் பேதி கண்டால் கதை வேறு: பேதி உண்டாக்கும் காம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா புது மலத்திலிருந்தே தொற்றும். அன்று வீட்டில் வேறு யாராவது அள்ளட்டும். ஆளில்லை என்றால் கையுறை, பிறகு சோப்பு.

குட்டிகளுக்குக் குடற்புழு மருந்து 2, 4, 6, 8ஆவது வாரங்களில், தாய்க்கும் சேர்த்து.

எடை பார்ப்பதைக் காலையில் வைக்காதீர்கள், விரல்கள் மடங்காது. மாலையில், தினமும் ஒரே நேரத்தில். சமையல் தராசில் துண்டு விரித்த கிண்ணம். குட்டியை விரலால் பிடிக்காமல் இரு உள்ளங்கையிலும் ஏந்தி நெஞ்சோடு அணைத்துத் தூக்குங்கள். 10 நாளுக்குள் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றாலே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நகம் முள்போல வளைந்திருக்கும், வாரம் ஒருமுறை நுனியை வெட்டுங்கள். கீறினாலோ பல் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்குச் சின்னக் கீறலுக்கும் ரேபிஸ் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசி) தேவைப்படலாம்.