சுவிஸிலிருந்து கல்லடியில் காணி வாங்கப் பணம் அனுப்பலாமா?

சுவிஸ்வாசி: மட்டக்களப்பு கல்லடியில் ஓர் உறுதிக் காணி (உரிமைப் பத்திரம் உள்ள தனியார் காணி) பார்த்திருக்கிறோம். நான் இப்போது சுவிஸ் பிரஜை. மச்சானின் கணக்குக்கே பணத்தை அனுப்பலாமா? பின்னாளில் விற்றால் திருப்பி எடுக்க முடியுமா?

களுவாஞ்சிக்குடியான்: மச்சான் தங்கமானவராகவே இருக்கட்டும், வேண்டாம் அண்ணன். இலங்கை வங்கியொன்றில் உங்கள் பெயரில் உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டிலிருந்து முதலீட்டுக்குப் பணம் கொண்டுவரும் கணக்கு, IIA) திறந்து, அதனூடாகவே விற்பவருக்குச் செலுத்துங்கள். விற்ற பணம் அதே வழியாக வெளியே போகலாம். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழான ஏற்பாடு இது. உண்டியல் (வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் பணம் அனுப்பும் முறை) பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். பணம் வந்த தடமே இராது.

ஆரையம்பதியாள்: பணம் இருக்கட்டும். இரட்டைக் குடியுரிமை எடுத்தீர்களா? 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜைக்கு அந்தத் தடை இல்லை.

சுவிஸ்வாசி: இன்னும் எடுக்கவில்லை தங்கச்சி.

ஆரையம்பதியாள்: அப்படியானால் முற்பணமும் கொடுக்காதீர்கள்.